விஷன் ப்ரோ மாட்டிக்கொண்டு கொலுசுத் திருகு போட முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறீர்கள். பூச்சு வேலைகூட முடியாத வீட்டில் வீட்டுக்காரரை நிற்க வைத்து, தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, "இங்க சமையல் மேடை வருதுங்க, அங்க பூஜை அலமாரி" என்று அதே இடத்தில் காட்ட ஆசைப்படுகிறீர்கள். மச்சான் அமெரிக்காவிலிருந்து வருகிறார், வாங்கிவரத் தயார். ஆப்பிளின் விஷன் ப்ரோவா, மெட்டாவின் குவெஸ்ட் 3-ஆ, இல்லை புதிதாக வந்திருக்கும் சாம்சங்கா? அதோடு, பாஸ்த்ரூவில் (வெளியுலகத்தைக் கேமராவில் பிடித்து உள்ளே திரையில் காட்டும் வசதி) பார்த்தால் வெறும் கண்ணால் பார்ப்பது மாதிரியே இருக்கிறது என்று வீடியோவில் எல்லாரும் சொல்கிறார்களே, அது நிஜமா?

நிஜம் இல்லை. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எதுவும் அப்படி இல்லை. ஆனால் உங்கள் வேலைக்கு அந்த அளவு தேவையும் இல்லை, எங்கே குறைகிறது என்று தெரிந்தால் போதும். நான் பல வருஷம் பெங்களூரில் கேமரா ட்யூனிங் வேலையில் இருந்தவன், இப்போது ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு அதே வேலையை வெளியிலிருந்து செய்கிறேன். அதனால் ஹெட்செட்டைக் கையில் வாங்கினால் எல்லாரும் திரையைப் பார்க்கிறபோது நான் முன்பக்கக் கேமராவைத்தான் பார்ப்பேன். அந்தப் புத்தியோடு படித்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஹோலோலென்ஸ் மாதிரியானவற்றில் கண்ணுக்கு முன்னால் இருப்பது நிஜக் கண்ணாடி. உலகத்தை நேராகப் பார்க்கிறீர்கள், அதன்மேல் கம்ப்யூட்டர் படம் ஒளியாக விழுகிறது. 1968-இல் ஐவன் சதர்லேண்ட் கூரையிலிருந்து தொங்கவிட்டுக் காட்டிய முதல் கருவியும் இந்த ஜாதிதான். இதில் உலகம் நூற்றுக்கு நூறு நிஜம், ஏனென்றால் அது நிஜமேதான். ஆனால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், கழிக்க முடியாது. கறுப்பு என்பது ஒளி இல்லாமை, அதை எப்படி வரைவது? நம்மூரில் பத்து சமையலறை செய்தால் எத்தனையில் கறுப்பு கிரானைட் மேடை போடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மேடை இந்தக் கண்ணாடியில் பேய் மாதிரி ஊடுருவித் தெரியும், பின்னால் இருக்கும் செங்கல் அப்படியே பல்லிளிக்கும். மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் 2-ஐ 2019-இல் 3,500 டாலருக்கு விட்டு, 2024-இல் தயாரிப்பை நிறுத்தியும் விட்டது. இரண்டாவது ஜாதிதான் நீங்கள் கேட்பது. கண்ணை முழுக்க மூடிவிட்டு, வெளியே கேமரா, உள்ளே திரை. உலகமும் வீடியோ, உங்கள் அலமாரியும் வீடியோ என்பதால் எதை வேண்டுமானாலும் எதன்மேலும் முழுசாக ஒட்டலாம், கறுப்பு கறுப்பாகவே வரும். பதிலுக்கு உலகமே கேமராவின் தயவில் இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

சரி, எவ்வளவு கூர்மையாகத் தெரியும்? இதற்கு மெகாபிக்சல் கணக்கு உதவாது, பார்வையின் ஒரு டிகிரிக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் கணக்கு. நல்ல கண்ணுக்கு டிகிரிக்கு 60 பிக்சலாவது வேண்டும், கண் டாக்டர் 6/6 என்று எழுதுவாரே, அது. குவெஸ்ட் 3-இல் (2023 அக்டோபர், 499 டாலர்) பாஸ்த்ரூ டிகிரிக்கு 18 பிக்சல். அதை டாக்டர் வீட்டு எழுத்துப் பலகையில் வைத்தால் 6/18 வரிசையைக்கூட முழுசாகப் படிக்க முடியாத நிலை. 6/18-க்குக் கீழே போனால் நடுத்தர அளவுப் பார்வைக் குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கில் சேர்க்கும். காசு கொடுத்து அந்தப் பார்வையை வாங்குகிறோம், ஆனாலும் பார்த்தவர்கள் அசந்துபோகிறார்கள், ஏனென்றால் அதற்கு முன்னால் இருந்தது இன்னும் மோசம். விஷன் ப்ரோவின் திரை சராசரியாக 34 பக்கம் வரும், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் பிக்சல். அப்போதும் 6/12-க்கும் 6/9-க்கும் நடுவில்தான் நிற்கிறோம், அதுவும் திரையின் அளவு. கேமரா வழியாக வருவது அதைவிடக் குறையும். பின்லாந்தின் வார்யோ நிறுவனம் 2023 நவம்பரில் அறிவித்த எக்ஸ்ஆர்-4-இல் திரை 51 பிக்சல், முன்னால் இரண்டு 20 மெகாபிக்சல் கேமரா. விலை 3,990 யூரோ, கூடவே வலுவான கம்ப்யூட்டர் ஒன்றை வயர் போட்டு இழுக்க வேண்டும். விமானப் பயிற்சி மாதிரியான வேலைக்கு வாங்குகிற சாமான். கட்டுமானம் நடக்கும் வீட்டில் வயரோடு நடந்தால் கம்பியில் மாட்டும், விட்டுவிடுங்கள்.

இங்கேதான் எல்லாரும் கேட்பார்கள்: என் போன் கேமரா இருட்டில்கூட அவ்வளவு அழகாக எடுக்கிறதே, அதைவிடப் பல மடங்கு விலை கொடுக்கிற ஹெட்செட் ஏன் சாயங்காலம் ஆனாலே புள்ளி புள்ளியாக நெளிகிறது? காரணம் நேரம். போன் ராத்திரியில் ஒரு படம் எடுக்கும்போது ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று பல ஃபிரேம்களை அடுக்கி, அசைந்ததை ஒதுக்கி, நிதானமாகச் சமைத்துத் தருகிறது. நீங்களும் கையை ஆட்டாமல் காத்திருக்கிறீர்கள். ஹெட்செட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. விநாடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்கு 11 மில்லி விநாடி. அதற்குள் ஒளியை வாங்கி, நிறம் திருத்தி, லென்ஸ் வளைவை நேராக்கி, திரையில் போட்டாக வேண்டும். அடுத்த படம் வாசலில் நிற்கிறது. ஓட்டலில் ஆற அமர வைக்கும் பிரியாணியும், பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்புவதற்குள் கட்டித்தரும் தட்டுவடை செட்டும் ஒன்றாகுமா? (தட்டுவடை செட் எனக்குப் பிரியாணியைவிடப் பிடிக்கும், அது வேறு விஷயம்.)

நம்மூர் டியூப்லைட் இதில் இன்னொரு வேலை வைக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 தரம் கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். அதைத் தவிர்க்க கேமரா ஒவ்வொரு படத்துக்கும் சரியாக 10 மில்லி விநாடி கண் திறந்திருந்தால் போதும், ஒரு முழு ஏற்ற இறக்கத்தை வாங்கிவிடும். ஆனால் அந்த 10 மில்லி விநாடியில் நீங்கள் தலையைத் திருப்பினால்? விநாடிக்கு 100 டிகிரி என்பது சாதாரணமாகக் கூப்பிட்டால் திரும்பும் வேகம். 10 மில்லி விநாடியில் ஒரு டிகிரி. டிகிரிக்கு 18 பிக்சல் என்றால் 18 பிக்சல் அகலத்துக்குப் படம் இழுபடும். 34 பிக்சல் இருந்தால் 34 பிக்சல் இழுபடும், அதாவது கூர்மைக்காகக் கொடுத்த காசு தலை திரும்புகிற நேரமெல்லாம் வீண். விஷன் ப்ரோ 90, 96-ஓடு 100 ஹெர்ட்ஸிலும் ஓடும். அந்த 100 நம்மூர் விளக்கின் துடிப்போடு சரியாகச் சேரும் எண், ஒவ்வொரு படமும் விளக்கின் ஒரே கட்டத்தில் விழுவதால் பட்டை ஓடாது. குவெஸ்ட்டில் 50 ஹெர்ட்ஸ் என்று செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவிலிருந்து வருகிற பெட்டி என்பதால் முதல் நாளே இதைப் பாருங்கள்.

அப்புறம் தாமதம். வெளியே நடந்தது கண்ணுக்கு எத்தனை மில்லி விநாடி கழித்து வருகிறது? ஆப்பிள் இதற்கென்றே ஆர்1 என்று தனி சிப் வைத்து, 12 கேமராக்கள் தருவதையும் அலசி, புதுப் படத்தை 12 மில்லி விநாடிக்குள் திரைக்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறது. பின்லாந்தில் ஆப்டோஃபிடெலிட்டி என்ற அளவை நிறுவனம் 2024-இல் அளந்தபோது 11 பக்கம் வந்தது, மற்ற ஹெட்செட்டுகள் 35-இலிருந்து 40 வரை. இந்த வித்தியாசம் தலையைத் திருப்பும்போது அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் தலை எங்கே போகிறது என்று சென்சாருக்குத் தெரியும், கடைசி நொடியில் படத்தை அந்தப் பக்கம் நகர்த்தி ஒட்டிவிடலாம். கை எங்கே போகிறது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கையை நீட்டினால் 40 மில்லி விநாடித் தாமதத்தில் கை இருக்க வேண்டிய இடத்துக்கு 4 சென்டிமீட்டர் பின்னால் தெரியும். 12 என்றால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். விஷன் ப்ரோ வாங்கியவர்கள் அதன் பாஸ்த்ரூவைப் பார்த்து "என்னமோ நிஜமாக இருக்கிறது" என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்தத் தாமதக் குறைவுதான் என்பது என் கணிப்பு. பிக்சலுக்குப் பேர், வேலை செய்வது இது.

இதையெல்லாம் எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது என்று எனக்கே புரிந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். மாமா அங்கே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், அறுபதைத் தாண்டியவர், வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் கண்ணி தெரியாது. நண்பர் ஒருவரிடமிருந்து இரண்டு ஹெட்செட் கைக்கு வந்திருந்த சமயம், பேர் வேண்டாம், ஒன்று நடுத்தர விலை, ஒன்று லட்சங்களில் போவது. சும்மா காட்டலாம் என்று எடுத்துப் போனேன். முதலில் நடுத்தர விலையை மாட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டினார், ஆனாலும் கையில் இருந்த கொலுசைப் பார்த்து, "அட, கண்ணாடி இல்லாமயே தெரியுதே" என்றார். ஆச்சரியம் ஒன்றும் இல்லை: கொலுசு நாற்பது சென்டிமீட்டரில் இருந்தாலும் திரையின் ஒளி ஒன்றிரண்டு மீட்டர் தூரத்திலிருந்து வருவது போலத்தான் லென்ஸ் அமைத்திருக்கும், கண் கிட்டப் பார்வைக்குக் கஷ்டப்பட வேண்டியதில்லை. வெள்ளெழுத்துக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் லாபம் இது. இளசுகளுக்கு இதுவே தலைவலி, கண் இரண்டும் கிட்டத்துக்குக் குவியும், உள்ளே இருக்கும் லென்ஸ் தூரத்துக்கு நிற்கும், இரண்டும் சண்டை போடும்.

மாமா திருகைப் போடப் பார்த்தார். கொலுசின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, ஒரு மில்லிமீட்டர் கனத் திருகை ஓட்டைக்குள் விட்டு முறுக்க வேண்டும். நாற்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. திருகு ஓட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னொரு தரம், பக்கவாட்டில் போய்விட்டது. விரலைச் சுற்றி வெள்ளி தண்ணீரில் தெரிவது மாதிரி நெளிந்தது. "ஏப்பா, இந்தா கிட்டத்துல இருக்குதுன்னு பார்த்தா, கை போனா இல்லையே!" என்றார். கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை. கடைசியில் ஹெட்செட்டுக்கு உள்ளேயே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, விரல் தடவலிலேயே இரண்டே நொடியில் திருகைப் போட்டுவிட்டு, "இப்படிப் போட்டா வருது" என்று சிரித்தார். விலை உயர்ந்ததில் நான்காவது முயற்சியில் கண்ணைத் திறந்துகொண்டே போட்டார், ஆனால் முகம் சுளித்துக்கொண்டுதான்.

என்ன நடந்தது என்றால், ஒரு மில்லிமீட்டர் திருகு 40 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு. டிகிரிக்கு 18 பிக்சல் உள்ள படத்தில் அந்தத் திருகே மொத்தம் இரண்டரை பிக்சல். ஆனால் அதைவிடப் பெரிய சங்கதி, கேமரா கண் இருக்கும் இடத்தில் இல்லை. ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி இருக்கிறது. கண்ணுக்கு 40 சென்டிமீட்டரில் இருக்கும் கொலுசு கேமராவுக்கு 34-இல் இருக்கிறது, அப்படியே காட்டினால் கிட்டத்தட்ட 18 சதவீதம் பெரிதாக, கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். சரி, ஆழத்தை அளந்து, கண் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் திருத்தி வரையலாமே? வரைகிறார்கள். ஆனால் கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மேஜையின் ஒரு துண்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும், கேமராவுக்கு அது தெரியவே இல்லை என்றால் எதை வரைவது? ஊகித்து இட்டு நிரப்ப வேண்டியதுதான். அந்த ஊகம்தான் விரலைச் சுற்றி நெளிகிற தண்ணீர். திருத்தாமல் விட்டால் கோடுகள் நேராக இருக்கும், கை இடம் தவறும். திருத்தினால் கை இடத்துக்கு வரும், விளிம்பு நெளியும். மெட்டாவின் ஆராய்ச்சிப் பிரிவு 2023-இல் ஃபிளமேரா என்று ஒரு மாதிரியைக் காட்டியது, பூச்சியின் கண் மாதிரி வரிசை வரிசையாகக் குட்டி லென்ஸ்கள், கண்ணுக்குப் போக வேண்டிய கதிரை மட்டும் பொறுக்கி எடுக்கும் ஏற்பாடு. யோசனை அருமை, ஆனால் அது ஆராய்ச்சிக்கூட மாதிரி.

இப்போது உங்கள் வேலைக்கு வாருங்கள். நீங்கள் காட்டப்போவது நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் சுவர். அதே ஆறு சென்டிமீட்டர் அங்கே ஒன்றரை சதவீதம் வித்தியாசம், யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு உதவாத கருவி உங்களுக்கு உதவும் என்பது இதனால்தான். வீட்டம்மா மேடையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டும்போது மட்டும்தான் குட்டு வெளிப்படும், அவர்கள் கட்டாயம் நீட்டுவார்கள். அந்த இடத்தில் ஒரு பிளைவுட் பலகையை மேடை உயரத்துக்கு நிறுத்திவைத்தால் கைக்கு ஏதோ தட்டுப்படும், பாதிச் சந்தேகம் போய்விடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலைக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து மாட்டியிருந்துவிட்டு, கழற்றியதும் டவராவில் காபி ஆற்றப் போனேன். டம்ளரைத் தாண்டி நேராக லேப்டாப் பக்கம் ஊற்றினேன். நல்லவேளை, சர்க்கரை இல்லாத காபி. மூளை கோணலான உலகத்துக்குப் பழகிவிடுகிறது, நேரான உலகத்துக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. இது புதிதும் அல்ல: 1998-இல் பியோக்கா, ரோலண்ட் இருவரும் கேமராக்கள் கண்ணிலிருந்து விலகியிருக்கும் ஹெட்செட் ஒன்றை மாட்டிவிட்டு, ஆணிப் பலகையில் குச்சி செருகச் சொல்லிச் சோதித்தார்கள். முதலில் வேகம் குறைந்தது, பிழை கூடியது, அப்புறம் பழகியது, கழற்றிய பிறகும் கை தவறான இடத்துக்கே போனது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் குழுவில் 11 ஆராய்ச்சியாளர்கள் குவெஸ்ட் 3-ஐ மாட்டிக்கொண்டு வெளியிலேயே நடமாடிப் பார்த்து, தூரத்தைத் தப்பாகக் கணிப்பதையும், தலைசுற்றலையும், பக்கத்தில் இருப்பவர்கள் டிவியில் வருகிறவர்கள் மாதிரி அந்நியமாகத் தெரிவதையும் எழுதினார்கள். அதனால் வாடிக்கையாளருக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் மாட்டிவிடாதீர்கள், கழற்றியதும் கைப்பிடிச் சுவர் இல்லாத படிக்கட்டுப் பக்கம் உடனே கூட்டிப்போகாதீர்கள்.

மிச்சம் இருப்பது வெளிச்சம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. சேலத்து மத்தியான வெயிலில் வெள்ளைச் சுவர் ஒன்று இருபதாயிரம் நிட்ஸைத் (ஒரு பரப்பு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்கான அளவு) தாண்டி அடிக்கும். ஜன்னலுக்கு உள்ளே, பூசாத அறையில், இருபது முப்பது நிட்ஸ். கண் இரண்டையும் ஒரே பார்வையில் சமாளிக்கிறது. ஹெட்செட்டில் கண்ணுக்கு வருவதோ 100 நிட்ஸ் பக்கம்தான். திரை மங்கல் என்று அர்த்தம் அல்ல. இப்போது எல்லாரும் போடும் மெல்லிய பான்கேக் லென்ஸுக்குள் ஒளி பாதிக் கண்ணாடி ஒன்றில் ஒருமுறை ஊடுருவி, ஒருமுறை எதிரொளித்து வர வேண்டும், ஒவ்வொன்றிலும் பாதி போகும், ஆக எவ்வளவு நல்ல லென்ஸானாலும் கால் பங்குக்கு மேல் வெளியே வராது. மெட்டா 2022-இல் ஸ்டார்பர்ஸ்ட் என்று 20,000 நிட்ஸ் மாதிரி ஒன்றைச் செய்து காட்டியது, பிடிப்பதற்கு இரண்டு கைப்பிடி வைத்த பெரிய பெட்டி அது. எனவே கேமரா ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது: அறை தெரிந்தால் ஜன்னல் வெள்ளைக் காகிதம், ஜன்னல் தெரிந்தால் அறை குகை. தலையைத் திருப்பும்போது இரண்டுக்கும் நடுவே அது தடுமாறுவதையும் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் பக்கம், வேலைக்காக ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது, நிமிஷத்தில் எல்லாம் வெள்ளை. சில்வர் ஓக் மரங்கள் முதல் வரிசை சாம்பல், இரண்டாம் வரிசை அதைவிட வெளிர், மூன்றாம் வரிசை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு. அந்த ஐந்து நிமிஷம் நான் ஹெட்செட்டை மறந்துபோனேன். நிஜமாகவே கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு யோசித்தால் காரணம் எளிது. பனியில் வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, ஆனால் எங்கும் ஒரே சீராக. கண்ணைப் பறிக்கும் இடமும் இல்லை, இருண்ட மூலையும் இல்லை. தூரத்து இலைகளின் நுணுக்கத்தைப் பனியே தின்றுவிட்டது, பிக்சல் குறைவு எங்கே தெரியும்? கிட்டத்தில் எதுவும் இல்லாததால் கேமராவின் இடமும் உறுத்தவில்லை. கேமராவால் முடியாததை எல்லாம் மலை தானே மறைத்துவிட்டது. அப்புறம் முகத்தில் ஈரம் பட்டதே என்று துடைக்கக் கையைத் தூக்கினேன், விரல் ஓரம் நெளிந்தது, முடிந்தது. லென்ஸில் நீர்த்துளி வேறு படிந்திருந்தது.

அதனால் ஹெட்செட்டுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் போடுவதோடு, சைட்டை எப்படிப் பனிமூட்டமாக ஆக்குவது என்றும் யோசியுங்கள். ஜன்னல் ஓட்டைகளில் வெள்ளைத் துணியோ, மெல்லிய தார்ப்பாயோ கட்டினால் வெளி வெளிச்சம் பரவி வரும். உள்ளே நல்ல தரமான, துடிக்காத எல்இடி ஃபிளட்லைட் இரண்டை மேல்நோக்கித் திருப்பி வைத்தால் கூரையில் பட்டு அறை முழுக்கச் சீராக விழும். விளக்கு துடிக்கிறதா என்று பார்க்க போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தாலே தெரிந்துவிடும். இந்தச் செலவு சில ஆயிரத்தில் முடியும், அதில் கிடைக்கும் நிஜத்தன்மை குவெஸ்ட்டிலிருந்து அடுத்த படிக்குத் தாவுவதற்குச் சமம் என்று நான் சொல்வேன். வெயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: கண் வைக்கும் பக்கத்து லென்ஸ் மேலே பார்க்கும்படி ஹெட்செட்டை வெயிலில் வைத்துவிடாதீர்கள். அது பூதக்கண்ணாடி, சில நொடியில் திரையைச் சுட்டுவிடும். ஜன்னல் இல்லாத வீட்டில் எந்த மூலைக்கு எப்போது வெயில் வரும் என்று சொல்ல முடியாது.

எதை வாங்குவது? விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது, 2025 அக்டோபரில் எம்5 சிப்போடு அதே விலையில் புதுப்பித்தார்கள், பாஸ்த்ரூவில் இன்றும் நான் பார்த்ததில் மேல். ஆனால் உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அதை மாட்ட முடியாது, பவருக்குத் தக்க தனி லென்ஸ் வாங்கிச் செருக வேண்டும். வீடு கட்டுகிற வயதில் வருகிற உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் கண்ணாடி இல்லாமல் வருகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் கண் அளவு எடுக்கும் சடங்கு வேறு. அதோடு 30 டிகிரி வெப்பம் வரைதான் வேலை செய்யும் என்று ஆப்பிளே விவரப் பட்டியலில் போட்டிருக்கிறது. சித்திரை மாதத்தில் சேலத்தில் கூரை காயும் அறையில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களுக்கு மட்டும் வேலை செய்தால் சரி. எம்5 வந்தது 750 கிராமுக்கு மேல், பெரியவர்கள் கழுத்து தாங்காது. சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டாலர், 545 கிராம், திரை கூர்மை அருமை. சொந்தமாக நிறையப் பார்க்கவும் உட்கார்ந்து வேலை செய்யவும் என்றால் அதை யோசிக்கலாம்.

சைட்டில் மாட்டிவிடக் குவெஸ்ட் 3 போதும். கண்ணாடியோடு மாட்டலாம், கீழே விழுந்தால் நெஞ்சு வலி வராது, மிச்சக் காசில் விளக்கு வாங்கலாம். முடிந்தால் இரண்டு வாங்குங்கள். கணவன் ஒன்று பார்த்து மனைவி காத்திருந்தால் பத்து நிமிஷ டெமோ அரை மணி நேரமாகும், இருவரும் ஒரே அலமாரியை ஒரே சமயத்தில் பார்த்தால்தான் பேச்சு ஒரு முடிவுக்கு வரும். ஹெட்செட்டில் காட்டப்போகும் வீட்டின் 3டி மாடலில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுவர் அளவை டேப் பிடித்து எடுத்துப் போட்டுவிடுங்கள், ஹெட்செட் தானாக ஸ்கேன் செய்ததை நம்பி மாடுலர் பெட்டிக்கு அளவு கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், ஏற்காடு சைட்டுக்குப் போகும்போது காரிலேயே வாடிக்கையாளருக்கு மாட்டிக் காட்டலாமே என்று தோன்றும், வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவில் சென்சார் வண்டி திரும்புகிறது என்று சொல்லும், கேமரா வண்டிக்குள் எதுவும் அசையவில்லை என்று சொல்லும், ஒன்றும் மாட்டாமலே பாதிப் பேருக்கு எலுமிச்சம்பழம் தேவைப்படுகிற ரோடு அது.

மச்சான் வருவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது வேலை நடக்கும் சைட்டில், சமையலறை வாசலில் நின்று, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு போட்டோவும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒன்றும் எடுத்துப் போடுங்கள், எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் போன் தானே சமன்செய்யும் வசதி) அணைத்துவிட்டு. எந்தப் பக்கம் துணி கட்ட வேண்டும், விளக்கு எத்தனை வாட்ஸ் போதும் என்று பார்த்துச் சொல்கிறேன்.